ஐஸ் தண்ணீர் குடித்த காட்டுப்பூவரசு

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போய்க் கமலக்கண்ணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஐஸ்கார கமலன் என்று கேட்க வேண்டும். ஐஸ் விற்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறுகிற மல்லிகை மொட்டைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்குவதுதான் அவன் தொழில். இனிகோவின் கமிஷன் கடையில் வெகுகாலமாக இதே வேலை. பெட்டியின் அடியில் ஐஸ் பாக்கெட், அதன்மேல் மடித்த செய்தித்தாள், அதன்மேல் மொட்டு, மறுபடி தாள், மறுபடி ஐஸ். ஐஸ் மொட்டைத் தொட்டுவிடக் கூடாது. தொட்ட இடம் வெந்ததுபோலக் கருகிவிடும். குளிர்ச்சி மட்டும் போய்ச் சேர வேண்டும். அவன் கட்டிய பெட்டி கெட்டுப்போனது என்று கடல் தாண்டி இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டில் ஒரே ஒரு மரத்தைக் காப்பாற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தான்.

மரம் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். இடுப்பு உயரத்துக்கு ஒரு கன்று. கொடைக்கானலையும் தாண்டி மேல்மலைக்குப் போனால், புல்வெளி ஓரத்தில் காற்றை வாங்கிக்கொண்டு தனியாக நிற்குமே காட்டுப்பூவரசு, அதன் பிள்ளை. கரடுமுரடான பட்டை, கோணல்மாணலான கிளை, மேலே கரும்பச்சையும் அடியில் வெள்ளிப் பூச்சுமாக இலை. குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூக்கும். பறித்த கையோடு வாடிவிடும் என்பதால் அதை யாரும் விற்பனைக்குக் கொண்டுவருவதில்லை. "நம்ம மார்க்கெட்டுக்கு இறங்காத பூ உலகத்துல உண்டாலே?" என்று முதலாளி இனிகோ பெருமையடிக்கும்போதெல்லாம் கமலக்கண்ணன் மனசுக்குள், 'ஒண்ணு இருக்குண்ணே' என்று சொல்லிக்கொள்வான்.

அந்தப் பூ பூக்கிற ஊரில் பிறந்தவள் அவன் மனைவி சொர்ணலட்சுமி. கன்றைக் கொண்டுவந்து வைத்தவளும் அவள்தான். இப்போது கன்று இருந்தது, அவள் வீட்டில் இல்லை.

கமலக்கண்ணன் ரெட்டியார்சத்திரத்துக்காரன். வெயிலில் பிறந்து வெயிலில் காய்ந்தவன். இளவட்டத்தில் பூண்டு ஏற்றுகிற லாரியில் கிளீனராகப் போனான். மேல்மலையில் படிப்படியாக இறங்குகிற பூண்டு வயலில், தலையில் பூண்டுக் கட்டோடு மூச்சு வாங்காமல் ஏறி வந்த பெண்ணைப் பார்த்தான். அவ்வளவுதான், பையன் விழுந்துவிட்டான். அதற்கப்புறம் லாரி மேலே போகிற நாளெல்லாம் அவனுக்குத் திருவிழா. கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பா அம்மாவோடு போய்ப் பெண் கேட்டான். சொர்ணம் அந்த வீட்டுக்கு ஒரே மகள். அவளுடைய அப்பா தேநீரை உறிஞ்சிக்கொண்டே வாசலுக்கு வெளியே காட்டினார்.

"எங்க மலையில ரெண்டு இருக்கு மாப்ளே. அந்தா சோலைக்குள்ள பறக்குற அணிலு. இந்தா மேட்டுல காட்டுப்பூவரசு. அணிலு இருக்கே, அது தாவிரும். எங்க போய் ஒட்டுனாலும் நகத்தால பத்திப் பொழச்சுக்கிரும். பூவரசு அப்பிடி இல்ல. உறைபனி அடிச்சாலும் நிக்கும், காட்டுத்தீ வந்தாலும் நிக்கும். ஆனா கீழ எறக்குனா பூக்காது. எம்மக இதுல எதுன்னு எனக்கே புடிபடல. நீங்க பாத்துக்கங்க."

பெரியவர் ஏதோ பெண்ணைப் பெற்ற கலக்கத்தில் சொன்னது. கேட்டுவிட்டு மறந்திருக்க வேண்டும். கமலக்கண்ணனுக்கோ அது மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. கல்யாணம் முடிந்து திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் குடியேறியது முதல், மனைவி அணிலா மரமா என்று பார்ப்பதே அவனுக்குப் பிழைப்பாகிப் போனது. வந்த மறுநாளே பக்கத்து வீட்டுக் கமர்ஜஹானோடு சிரித்துப் பேசினாள், அணில்தான். பங்குனி வெயிலில் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரோரமாகப் படுத்துக் கிடந்தாள், ஐயோ மரம். மல்லிகை தொடுக்கக் கற்றுக்கொண்டாள், அணில். மழை வருகிற மாதிரி மேகம் கூடிவிட்டுக் கலைந்தால் வாசலில் நின்று வானத்தையே பார்த்தாள், மரம். மகள் சுகன்யா பிறந்து, வளர்ந்து, கோயம்புத்தூருக்கு நர்சிங் படிக்கப் போகிற வரைக்கும் இந்த விசாரணை ஓயவில்லை. வாயைத் திறந்து ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால், மரம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போய்த் திரும்பிய சொர்ணம், கேரட் சாக்கில் சுற்றி இந்தக் கன்றைக் கொண்டுவந்தாள். ரோட்டை அகலப்படுத்துகிற ஜேசிபி சரித்துத் தள்ளிய மண்ணில் வேரோடு கிடந்ததாம். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கு அருகே, நிழல் விழுகிற இடமாகப் பார்த்து நட்டாள்.

"இந்த ஊரு வெயிலுக்கு இது நிக்குமா சொர்ணம்?"

"நானே நிக்கிறேன், இது நிக்காதா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கமலக்கண்ணனுக்குத்தான் அது சிரிப்பாகக் கேட்கவில்லை.

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து வரும்போது, கடை ஐஸ் தொட்டியில் உருகித் தேங்கிய தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்துக்கொண்டு வந்து கன்றின் அடியில் ஊற்றினான். வேரில் குளிர் பட்டால், தான் மலையில்தான் இருக்கிறோம் என்று அது நினைத்துக்கொள்ளும் என்பது அவன் கணக்கு. மொட்டை ஏமாற்றுகிறவனுக்கு மரத்தை ஏமாற்றத் தெரியாதா! அன்று தொடங்கிய பழக்கம். கன்று சாகவில்லை, வளரவும் இல்லை. வருஷத்துக்கு நாலு இலை விட்டது, நாலு இலை உதிர்த்தது. பூ மட்டும் எட்டிப் பார்க்கவே இல்லை.

போன கார்த்திகையில் சொர்ணத்தின் அம்மா பூண்டு வயல் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. சொர்ணம் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"தை பொறந்ததும் வந்துருவேங்க. மரத்தப் பாத்துக்கங்க."

தை பிறந்தது, மாசியும் போனது. சித்திரை வந்து தலையில் தீயைக் கொட்டியது. சொர்ணம் வரவில்லை.

கமலக்கண்ணன் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் நம்ம ஐயா மாட்டிக்கொண்டார். அவன் குடும்பத்தில் மாப்பிள்ளை என்கிறவன் பெண்டாட்டி வீட்டுக்குத் தானாகப் போக மாட்டான். அந்த வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, வாங்க என்று அழைத்தால்தான் போவான். மாமனார் இருந்தவரை ஊர்த்திருவிழாவுக்குத் தவறாமல் வந்து அழைத்தார். அவரை மண்ணில் கொண்டுபோய் வைத்த நாளுக்குப் பிறகு அழைப்பே வரவில்லை. அதனால் அவனும் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. அது மரியாதைக் குறைவு என்று மனசுக்குள் ஒரு மூலையில் புழுங்கிக்கொண்டும் இருந்தான். மகள் சுகன்யா போனில் சொல்லிப் பார்த்தாள்.

"நீங்களே ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்ப்பா."

"அதெப்பிடித்தா, கூப்புடாத வீட்டுக்கு? ஒரு மரியாத வேணாமா?"

"அம்மா உங்களுக்குக் கூப்புடாத வீடாப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

மரியாதை பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் வீடு கடித்தது. ஒற்றை ஆளுக்குப் பொங்கி, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் தின்று, பாதியை நாய்க்குப் போட்டான். அவள் முகத்தில் போட்டுக்கொள்கிற துண்டு கொடியிலேயே கிடந்தது. அதை எடுத்து மடிக்க மனசு வரவில்லை. சாயங்காலமானால் காது போனிலேயே இருக்கும். மேல்மலையில் பஸ் நிற்கிற மேட்டில்தான் சிக்னல். அவள் அங்கே ஏறி வந்து பேசினால்தான் உண்டு.

"மரம் எப்பிடிங்க இருக்கு?"

"இருக்கு."

"இருக்குன்னா?"

"இருக்குன்னா இருக்கு. நீ எப்ப வார?"

"அம்மாவ யாருங்க பாக்குறது? இன்னும் எழுந்து உக்காரவே முடியல." காற்று இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினாள். "அம்மா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

இந்த இடத்தில் கொஞ்சம் விவரமான ஆளாக இருந்தால், நாளைக்கே வாரேன் என்று சொல்லியிருப்பான்.

"நானும் கேட்டேன்னு சொல்லு" என்றான் கமலக்கண்ணன்.

அதற்குப் பிறகு போன் வருவது குறைந்தது. வந்தாலும் இங்கே வெயில், அங்கே பனிமூட்டம் என்பதோடு முடிந்தது. சரி, மலையில் கால் பட்டதும் வேர் விட்டுவிட்டாள், இனி இறங்க மாட்டாள், மாமனார் சொன்னது மரத்தைத்தான் என்று அவன் முடிவு கட்டினான். முடிவு கட்டிய அன்று ஒரு பெட்டியில் தாள் வைக்க மறந்து, பிரித்து மறுபடி அடுக்கினான்.

கத்திரி வெயில் தொடங்கியதும் கன்றின் இலைகள் ஓரத்திலிருந்து பழுக்க ஆரம்பித்தன. கமலக்கண்ணன் ஒரு குடத்தை இரண்டாக்கினான். சாக்கை நனைத்துச் சுற்றினான். ஐஸ் பாக்கெட்டையே கொண்டுவந்து மண்ணில் புதைத்தான். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கமர்ஜஹான் எட்டிப் பார்த்தாள்.

"மரத்துக்கு இம்புட்டு ஐஸ் வைக்கிறீங்களேண்ணே, இதுல பாதிய அண்ணிக்கு வச்சிருந்தா அது எப்பவோ வந்திருக்கும்ல?"

"நீ வேற கமரு, வெந்த புண்ணுல..."

"சும்மா சொல்லலண்ணே. இலை பூராம் கொட்டுது பாருங்க. இது இங்க பொழைக்காது. அண்ணி வந்து மரம் எங்கன்னு கேட்டா என்ன சொல்வீக?"

அவன் அன்று இரவு முழுக்க அதையே நினைத்தான். அவள் விட்டுப்போன ஒரே பொறுப்பு அந்தக் கன்று. அதுவும் போய்விட்டால் அவள் திரும்பி வர இங்கே என்ன இருக்கிறது? விடிந்ததும் கடப்பாரையை எடுத்தான். வேர் அறுபடாமல் மண்ணோடு தோண்டி, பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்றில் இறக்கினான். சுற்றிலும் தாள் வைத்து, தாளுக்கு வெளியே ஐஸ் வைத்து, மேலே அவளுடைய துண்டை நனைத்து இலைகளுக்குப் போர்த்தினான். துபாய் போகிற மொட்டுக்குக்கூட அவன் அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டியதில்லை.

அழைக்காத வீட்டுக்குப் போகிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டான். அவன் மாப்பிள்ளையாகப் போகவில்லை. மரத்தைக் கொடுக்கப் போகிறான். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடுவான். எப்படி இருக்கிறது நியாயம்!

வத்தலக்குண்டு வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்து ஊற்றினான். பக்கத்தில் இருந்தவர், "துண்டுக்குள்ள என்னய்யா, சாமியா?" என்று கேட்டார். காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது. துண்டை விலக்கிக் கன்றைக் காற்றில் காட்டினான். கிளீனர் வேலையை விட்ட பிறகு, அழைப்பில்லாமல் அந்த மலையில் அவன் ஏறுவது அதுதான் முதல் தடவை.

கொடைக்கானலில் பஸ் மாறி மேல்மலையில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் சொர்ணம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சரிவில் ஒரு மரம் தானாக நடந்து வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள். கிட்டே வந்ததும்தான் அதன் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"மரத்தக் குடுத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்" என்றான் கமலக்கண்ணன்.

அவள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மலையில் செழித்துவிட்டாள் என்று அவன் கட்டிய கோட்டை அங்கேயே சரிந்தது. சொர்ணம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

"யாரு புள்ள அது?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"மரம் வந்திருக்கும்மா. கூட ஒரு ஆளும் வந்திருக்கு."

உள்ளே போனான். கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்த மாமியார் அவனைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல் கையை மட்டும் கூப்பினாள்.

"வாங்க மாப்ளே. கோவிச்சுக்கிறாதீங்க. உங்கள மொறையா வந்து கூப்புட இந்த வீட்ல ஆம்பள இல்லாமப் போச்சு. பொம்பள எப்பிடி வந்து கூப்புடுறது? கேட்டேன், கேட்டேன்னு புள்ளகிட்டச் சொல்லி விட்டுக்கிட்டே இருந்தேன்."

கமலக்கண்ணனுக்கு ஓங்கி அறைந்ததுபோல இருந்தது. எட்டு வருஷம் வராத அழைப்புக்கு எட்டு வருஷமும் அவன் மனசுக்குள் மரியாதைக் குறைவு என்று பேர் வைத்திருந்தான். அழைக்க ஆளில்லை என்பது அவன் மண்டையில் உறைக்கவே இல்லை. "அய்யோ, என்னத்தே நீங்க" என்று அவள் கூப்பிய கையைப் பிடித்து இறக்கினான்.

இருட்டுவதற்குள் இரண்டு பேருமாகக் கன்றை மேட்டில் நட்டார்கள். அங்கே ஏற்கனவே நாலைந்து பூவரசுகள் நின்றன. கமலக்கண்ணன் பழக்கத்தில் பெட்டியிலிருந்த மிச்ச ஐஸ் தண்ணீரை ஊற்றப் போனான். சொர்ணம் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இங்க எதுக்குங்க ஐசு?"

கீழே சோலைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அழைப்பதுபோலவும் இருந்தது, முனகுவதுபோலவும் இருந்தது. சொர்ணம் விரலை உதட்டில் வைத்து உயரமான ஒரு மரத்தின் உச்சியைக் காட்டினாள். பூனை அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஏதோ அசைந்தது. சட்டென்று போர்வையை நாலு மூலையிலும் இழுத்துப் பிடித்ததுபோலக் கைக்கும் காலுக்கும் நடுவே தோலை விரித்துக்கொண்டு காற்றில் இறங்கியது. சத்தமே இல்லை. வெட்டவெளியைக் கடந்து எதிர்மரத்தின் அடிப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. பறக்கும் அணில் என்று பேர் வாங்கிக்கொண்டதே ஒழிய, அது பறக்கவில்லை. ஒட்டிய இடத்திலிருந்து நகத்தால் பற்றிப் பற்றி மறுபடி உச்சிக்கு ஏறத் தொடங்கியது.

"பாத்தீங்களா? எம்புட்டு ஒசரத்துல இருந்து தாவுனாலும் கீழதான் போய்ச் சேரும். அப்புறம் ஏறித்தான் ஆகணும். ராத்திரி பூராம் அதுதான் அதுக்கு வேல." அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "அப்பா சொன்னதப் புடிச்சுக்கிட்டு, நான் அணிலா மரமான்னு இருவது வருசமா ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்தீங்களே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

அவன் தலை கவிழ்ந்தது.

"நான் தாவுனேங்க. ஒவ்வொரு தடவ இங்க வந்தப்பவும் திரும்பி உங்ககிட்டத்தான் தாவுனேன். நீங்க என்னன்னு ஒருநாளாச்சும் யோசிச்சீங்களா?"

யோசித்ததில்லை. வெயிலில் நட்ட இடத்திலேயே நின்றுகொண்டு, அழைப்பு வரட்டும், பூ வரட்டும், அவள் வரட்டும் என்று இருந்தது யார் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீ இல்லாம அங்க சோறு எறங்கல சொர்ணம்."

"எனக்கு மட்டும் எறங்குதாக்கும்."

"என்கூட வந்துரு. அத்தையயும் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்."

"இந்த இடுப்ப வச்சுக்கிட்டு அத்தன வளைவு எறங்க முடியுமா? இந்தக் குளுருலயே பொறந்து கெடந்த ஒடம்பு, அந்த வெயிலத் தாங்குமா? அம்மாதாங்க எங்க வீட்டு மரம். அது இருக்குற வரைக்கும் நான் எறங்க முடியாது."

"அப்ப நான் என்ன செய்ய?"

அணில் உச்சிக்குப் போய்விட்டிருந்தது. சொர்ணம் அவனுடைய கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"ஏறி வாங்க" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவன் தனியாகத்தான் இறங்கினான். அவள் மேட்டில் நின்றுகொண்டிருந்தாள். வளைவு திரும்புகிற வரைக்கும் தெரிந்தாள். அதற்குப் பிறகு வத்தலக்குண்டு வரும்வரை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

வேலைக்குப் போன அன்று மதியம் வழக்கம்போலக் குடத்தில் ஐஸ் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கொல்லைக்குப் போய்ச் சாய்த்துவிட்டான். பாதி ஊற்றிய பிறகுதான் அங்கே வெறும் குழி இருப்பது கண்ணில் பட்டது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். சுவருக்கு அந்தப் பக்கம் கமர்ஜஹானுக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு அவள் எட்டிப் பார்க்கவில்லை.

முகூர்த்தம் இல்லாத நாளாக ஒன்று அந்த வாரக் கடைசியில் வந்தது. பெரிய பெட்டிகளையெல்லாம் வண்டியேற்றிய பிறகு கமலக்கண்ணன் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நல்ல மொட்டாகப் பொறுக்கினான். ஐஸ், தாள், மொட்டு, தாள், ஐஸ். ஊர் உலகத்துக்கெல்லாம் பூ கட்டி அனுப்பியவன், பெண்டாட்டிக்கென்று கட்டுகிற முதல் பெட்டி அது. இனிகோ கல்லாவிலிருந்து பார்த்தார்.

"ஏலே கமலா, இது எந்த ஊருக்கு? விலாசம் ஒட்டாம இருக்கு?"

"இது பிளேன்ல போகாதுண்ணே. நானே கொண்டுக்கிட்டுப் போகணும்."

"என்னைக்கு வருவ?"

"நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன். அடுத்த வாரமும் போவேன். இனிமே வாராவாரம் இப்பிடித்தாண்ணே, பாத்துக்கங்க."

முந்தின நாள் சொர்ணம் போன் செய்திருந்தாள். கன்று இன்னும் துளிர்க்கவில்லை, இருந்த இலையும் உதிர்ந்துவிட்டது, ஆனால் பட்டையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கிறது என்றாள். பூக்குமா என்று அவன் கேட்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தான். காட்ரோடு தாண்டியதும் டிரைவர் கியரை மாற்றினார். பஸ் முனகிக்கொண்டே முதல் வளைவில் ஏறியது. கமலக்கண்ணன் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.